தாலுகா கச்சேரியிலிருந்து காவல் நிலையத்துக்கு: சென்னை மாகாணப் போலீஸ் பிறந்த கதை

சென்னை மெரினா எதிரே வெள்ளைத் தூண்களோடு நிற்கும் காவல்துறைத் தலைமையகம் போலீசுக்காகக் கட்டப்பட்டதல்ல. ஃப்ரீமேசன் சங்கத்தார் தங்கள் கூட்டங்களுக்காக 1839இல் எழுப்பிய கட்டடம் அது. 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு அதை எடுத்தவர் மாகாணத்தின் முதல் போலீஸ் ஐ.ஜி. வில்லியம் ராபின்சன். 1874இல் 20,000 ரூபாய்க்கு அது அரசுக்குச் சொந்தமானது. இத்தனைக்கும் ராபின்சன் போலீஸ்காரரே அல்லர். வருவாய் நிர்வாகத்தில் ஊறிய சிவில் சர்வீஸ் அதிகாரி. வருவாய்த் துறையின் பிடியிலிருந்து போலீசைப் பிரிக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே பாதியில் நின்றது என்று பார்ப்பதே தமிழகக் காவல் நிர்வாகத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்கு முன்பு தமிழ்நாட்டில் காவல் என்பது ஒரு பரம்பரை உரிமை. ஊர் அளவில் ஸ்தலகாவல், வட்டார அளவில் தேசகாவல். காவல்காரருக்கு நெல்லும் மானிய நிலமும் கிடைத்தன. களவு போன பொருளை மீட்டுத் தர முடியாவிட்டால் அவர் ஈடு கட்ட வேண்டும். சென்னைப் பட்டணத்திலும் இதே ஏற்பாடுதான். கறுப்பர் நகரத்தைக் காத்த பெத்தநாயக்கரின் பெயர் பெத்தநாயக்கன்பேட்டை என்று இன்றும் நிற்கிறது. காவல் வரி வாங்கும் பாளையக்காரர் ஆயுதம் ஏந்திய ஆட்களையும் வைத்திருந்தார் என்பதால் கும்பினிக்கு இது உறுத்தியது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்த கையோடு அந்த உரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டே வங்காளத்தைப் பார்த்து தரோகா என்ற காவல் அதிகாரிகளை நியமித்தது. ஊரும் பேரும் தெரியாத தரோகாக்கள் இங்கே எடுபடவில்லை.

கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோ 1816இல் அதை மாற்றி, காவலைக் கலெக்டர், தாசில்தார், மணியக்காரர் என்ற வருவாய் ஏணியிலேயே ஏற்றிவிட்டார். ஊரை அறிந்தவனிடம் ஊர்க்காவல் இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. செலவும் குறைவு. ஆனால் கிஸ்தி வசூலிக்கும் டவாலிச் சேவகனே திருடனையும் பிடித்தான். தாசில்தாரே வரியை நிர்ணயித்தார், குற்றத்தையும் விசாரித்தார். வரி கட்டாத குடியானவனையும் கைதான திருடனையும் ஒரே கச்சேரியில் ஒரே ஆட்கள் கையாண்டார்கள்.

இதன் விளைவு லண்டன் வரை எட்டியது. 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழ, சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழுவை அமைத்தது. பல நாள் நடந்து வந்து நேரில் முறையிட்டவர்களும் மனு எழுதி அனுப்பியவர்களுமாக ஏறக்குறைய 2,000 முறையீடுகள் குவிந்தன. 1855இல் வெளிவந்த அறிக்கையைப் படிக்க மனத்திடம் வேண்டும். கிட்டி என்பது இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிக்கும் கருவி. அண்ணாந்தாள் என்பது துணியாலோ கயிற்றாலோ தலையைக் காலோடு சேர்த்துக் கட்டி, ஆளை வெயிலில் குனிந்தபடியே நிற்க வைப்பது. இவை பெரும்பாலும் வரி வசூலுக்கே பயன்பட்டன என்பதுதான் குழுவை அதிரவைத்தது. நோய்க்குக் காரணம் என்று குழு சுட்டியது அமைப்பைத்தான்: வருவாயும் போலீசும் ஒரே கையில் இருக்கக் கூடாது. வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பகுதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. தாசில்தாரிடம் முழு வசூல் கேட்டு நெருக்கியவர் கலெக்டர் அல்லவா?

அந்தப் பரிந்துரையின் பிள்ளை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். மாகாணம் முழுவதற்கும் ஓர் ஐ.ஜி., மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர், ஹெட் கான்ஸ்டபிள், கான்ஸ்டபிள் என்று தனி ஏணி உருவானது. அயர்லாந்தின் ஆயுதப் போலீசும், 1843இல் சார்லஸ் நேப்பியர் சிந்துவில் அமைத்த படையும் இதற்கு முன்மாதிரிகள். 1857 கிளர்ச்சிக்குப் பின் போலீசை எப்படி அமைப்பது என்று ஆராய 1860இல் இந்திய அரசு ஆணையம் அமைத்தபோது ராபின்சனும் அதில் உறுப்பினர். அதன் பரிந்துரையில் பிறந்த 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தில் சென்னை அனுபவத்தின் சாயல் உண்டு. ஆனாலும் அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மாவட்டப் போலீசை மாஜிஸ்திரேட்டின் பொதுவான கட்டுப்பாட்டில் வைத்தது. மாஜிஸ்திரேட் என்றால் கலெக்டர். கீழ்ப்படியில் பிரித்ததை மேல்படியில் மறுபடியும் முடிச்சுப் போட்டார்கள்.

சென்னை நகரம் தனி வழியில் போனது. 1856லேயே அதற்கென்று கமிஷனர் வந்துவிட்டார். நகரப் போலீஸ் சட்டம் 1888இல் வந்தது; அதன் 41ஆம் பிரிவைக் காட்டித்தான் இன்றும் ஊர்வலத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நடக்கிறது.

புதிய போலீஸ் வந்துவிட்டதே தவிர, ஸ்டேஷனில் பெரிய மாற்றமில்லை. பல நிலையங்களுக்குப் பொறுப்பாளர் ஓர் ஏட்டுதான். சம்பளம் சொற்பம். மேலதிகாரி குதிரையில் எப்போதாவது வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போவார். ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையிலான 1902–03 ஆணையம் நாடு முழுவதும் சுற்றிவிட்டு, போலீஸ் ஊழலும் கொடுமையும் நிறைந்தது என்று மக்கள் கருதுவதை ஒளிக்காமல் எழுதியது. நிலையப் பொறுப்பு சப்-இன்ஸ்பெக்டரிடம் போனதும், மாகாணந்தோறும் சி.ஐ.டி. வந்ததும், இந்தியர்களுக்கு டி.எஸ்.பி. பதவி திறந்ததும் அதற்குப் பின்புதான். ஏட்டு ரைட்டரானார். முதல் தகவல் அறிக்கையும் பொது நாட்குறிப்பும் அவர் கையெழுத்தில் வளர்ந்தன. ஒரு நிலையத்தில் எது வழக்காகும், எது பேசி முடிக்கப்படும் என்பது ரைட்டர் மேசையில் பாதி தீர்மானமாகிவிடும் என்பதை ஸ்டேஷன் படி ஏறியவர்கள் அறிவார்கள்.

1921இல் மலபார் கிளர்ச்சியை ஒட்டி மலபார் சிறப்புப் போலீஸ் பிறந்தது. இன்றைய பட்டாலியன்களுக்கு முன்னோடி அது. 1973இல் தமிழகப் போலீசில் பெண்கள் சேர்ந்தார்கள். 1992இல் ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979லேயே அரசு ஒழித்துவிட்டது, காகிதத்தில். அதிகாரிகள் வீட்டுக்குக் காய்கறி வாங்கும் காவலர்களைப் பற்றி 2022இல்கூட உயர் நீதிமன்றம் அரசிடம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே பெரிய நகரங்கள் ஒவ்வொன்றாகச் சென்னையின் வழிக்கு வந்தன. மதுரையும் கோவையும் 1990இல் கமிஷனரகங்கள் ஆயின. ஆவடியும் தாம்பரமும் 2022 ஜனவரி 1 அன்று சேர்ந்தன. கமிஷனர் உள்ள நகரில் கலெக்டரின் மாஜிஸ்திரேட் அதிகாரங்கள் பலவும் போலீஸ் கைக்கு வருகின்றன. மன்றோ காலத்தில் வருவாய் அதிகாரி போலீசாக இருந்தார். இங்கே போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட். நன்னடத்தைப் பிணை வாங்கும் அதிகாரத்தைத் துணை கமிஷனர்களுக்குக் கொடுத்த 2013, 2014 அரசாணைகளை, அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்று சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

கிராமத்திலும் பழைய முடிச்சு முழுக்க அவிழவில்லை. கர்ணம், மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களை (வி.ஏ.ஓ.) கொண்டுவந்தது. போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பதால், தமிழகக் கொலை வழக்குகளில் குற்றவாளி நேரே வி.ஏ.ஓ.விடம் போய் நடந்ததைச் சொன்னதாக எத்தனையோ கட்டுகளில் பார்க்கலாம். கொலை செய்தவருக்கு அடங்கல் எழுதுபவர் மீது ஏன் அப்படி ஒரு நம்பிக்கை என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் சலிக்காமல் கேட்கிறார்கள்.

பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் தந்த தீர்ப்பு, போலீசை அரசியல் தலையீட்டிலிருந்து விடுவிக்கச் சொன்னது. போலீஸ் மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையிலான ஆணையங்கள் விசாரிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். தீர்ப்பின் நோக்கத்துக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

2020 ஜூனில் சாத்தான்குளம் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்கு நிலையத்திலேயே ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. அவமதிக்கப்பட்டதாக அவர் அறிக்கை அனுப்பினார். தடயங்கள் அழிந்துவிடக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் உத்தரவு போட்டது: நிலையத்தை வருவாய்த் துறை தன் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டும். 161 ஆண்டுகளுக்கு முன்பு எந்தத் துறையிடமிருந்து போலீசைப் பிரித்தார்களோ, அதே துறையின் அலுவலர்கள் ஸ்டேஷனுக்குள் போய் ஆவணங்களுக்குக் காவல் இருந்தார்கள். வழக்கு முதலில் சி.பி.சி.ஐ.டி.க்கும், அங்கிருந்து சி.பி.ஐ.க்கும் போனது.