சட்டைப்பை மணிக்கூடு கையில் ஏறிய கதை

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரை ரைன் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போகாத சுவிஸ் தமிழ்ப் பிள்ளை குறைவு. நீங்களும் போயிருப்பீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ஷாஃப்ஹவுசன் நகரத்துக்கு மணிக்கூட்டுத் தொழிலைக் கொண்டுவந்ததும் அதே ஆறுதான்.

சுவிஸ் மணிக்கூடுகள் பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் மேற்கில்தான் செய்யப்பட்டன. ஷாஃப்ஹவுசன்காரரான ஹைன்ரிச் மோசர் ரஷ்யாவில் மணிக்கூடு விற்றுப் பணக்காரரானவர். ஊர் திரும்பி ரைனில் அணை கட்டுவித்தார். அது 1866இல் முடிந்தது. அந்த நீர்ச்சக்தியை நம்பி, 1868இல் ஃபுளோரன்டைன் ஏரியோஸ்டோ ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் இங்கே ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்க இயந்திரமுறை, சுவிஸ் கைவேலை, விற்பனை திரும்ப அமெரிக்காவில். திட்டம் நல்லதுதான், காசுதான் போதவில்லை. 1880இல் நிறுவனம் உள்ளூர் ரவுஷன்பாக் குடும்பத்தின் கைக்குப் போனது.

எனக்குப் பிடித்த பகுதி 1930களின் கடைசியில் வருகிறது. ரொட்ரிகேஸ், டெய்ஷெய்ரா என்ற இரண்டு போர்த்துக்கேய வியாபாரிகள், கப்பல் மணிக்கூடு மாதிரித் துல்லியமான கைமணிக்கூடு வேண்டும் என்று கேட்டார்கள். ஐ.டபிள்யூ.சி. என்ன செய்தது தெரியுமா? சட்டைப்பை மணிக்கூட்டின் ‘கலிபர் 74’ மெஷினை எடுத்துக் கைமணிக்கூட்டுக் கூட்டுக்குள் வைத்தது. 40 மில்லிமீட்டரைத் தாண்டிய அந்தப் பெரிய மணிக்கூடு அக்காலத்தில் சில நூறுதான் போனது. 1993இல், நிறுவனத்தின் 125ஆவது ஆண்டுக்கு, ‘போர்த்துகீசர்’ என்ற பெயரில் மீண்டும் வந்தபிறகுதான் அது புகழ்பெற்றது.

வேலைநாளெல்லாம் கணினியோடு இருக்கும் நான், வார இறுதியில் செய்வதும் இதேதான். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர் அதிகம் பாவிக்கும் யூனிடாஸ் 6498 மெஷினும் சட்டைப்பைக்காகப் பிறந்ததே, குறுக்களவு 36.6 மில்லிமீட்டர். அதன் சகோதரம் 6497. திறந்த முகப்புள்ள சட்டைப்பை மணிக்கூட்டில் சாவி கொடுக்கும் குமிழ் 12இல், சின்ன விநாடி முள் 6இல் இருக்கும். கையில் கட்டக் குமிழை 3க்குத் திருப்பினால் விநாடி முள் 9க்குப் போய்விடும். 6497 அந்த வகை. மூடி போட்ட மணிக்கூட்டில் குமிழ் முதலிலேயே 3இல் இருக்கும். விநாடி முள் 6இலேயே நிற்கும். 6498 அப்படிப்பட்டது. ஷாஃப்ஹவுசன்காரர் எடுத்த கலிபர் 74உம் மூடி மணிக்கூட்டு மெஷின்தான். (தொடங்க ஆசைப்படுகிறவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு முன்னால் தூசியை ஊதும் ரப்பர் பந்தை வாங்குங்கள்.)

பழைய ஐ.டபிள்யூ.சி. சட்டைப்பை மெஷினைப் புதுக் கூட்டில் வைத்து, முகப்பைத் திரும்ப வரைந்து, ‘அசல் பழசு’ என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலை ஒன்றுதான்: மெஷின், கூடு, முள். 1939இல் தொழிற்சாலை செய்ததை அருங்காட்சியகத்தில் வைக்கிறோம், இதை மோசடி என்கிறோம். ஏன்? நிறுவனம் 1885 முதல் ஏடு வைத்திருக்கிறது. மெஷின் எண்ணைக் கொடுத்தால் அது எந்தக் கூட்டோடு, எந்த ஆண்டில் வெளியே போனது என்று பார்க்கலாம். சட்டைப்பையில் போனதைக் கையில் பிறந்தது என்று சொல்வதுதான் பொய். மாற்றிப் பூட்டியது அல்ல. பழசு வாங்க ஆசைப்பட்டால் காசு கொடுப்பதற்கு முன் அந்த ஏட்டைக் கேளுங்கள்.

நான் பூட்டுகிறவற்றின் முகப்பில் எந்தப் பெயரும் போடுவதில்லை. பின்மூடியின் உட்புறத்தில் மெஷினின் பெயரையும் பூட்டிய மாதத்தையும் கீறி வைக்கிறேன். அடுத்துத் திறக்கிற ஆளுக்காக.