திடீர் எக்ஸ் கதிர் மூலங்களும் அஸ்ட்ரோசாட்டும்

நேற்றுவரை எதுவுமில்லாத வானப் புள்ளி ஒன்று சில நாள்களுக்குள் எக்ஸ் கதிரில் பளிச்சென்று ஒளிர்ந்து, வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிப்போகும். அதுவே திடீர் எக்ஸ் கதிர் மூலம். பெரும்பாலும் அங்கே ஒரு கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ சாதாரண விண்மீன் ஒன்றுடன் இணைந்து சுற்றிக்கொண்டிருக்கும். துணை விண்மீனிலிருந்து கசியும் வாயு, கண்மாயில் நீர் ஏறுவதுபோல் ஆண்டுக்கணக்கில் ஒரு தட்டாகச் சேரும். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மடை திறந்தாற்போல் உள்நோக்கிப் பாயும். கோடிப் பாகை அளவுக்குச் சூடேறிய அந்த வாயுவே எக்ஸ் கதிரை உமிழ்கிறது.

இக்கதிர்களைக் காற்றுமண்டலம் உறிஞ்சிவிடுவதால் தரையிலிருந்து பார்க்க வழியில்லை. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19 அன்று எக்ஸ் கதிர்க் கருவியுடன்தான் ஏவப்பட்டது. சில நாள்களிலேயே மின்வழங்கல் கோளாற்றால் அதன் அறிவியல் கருவிகள் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று பிரிட்டனின் ஏரியல்-5, அதுவரை காணாத அளவு பிரகாசமான ஏ0620-00 என்ற மூலத்தைக் கண்டது. சுமார் மூன்றரை மாத இடைவெளியில் நழுவிய அந்த வாய்ப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி. சி-30 ஏவூர்தி ஏவிய இந்திய வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டில் இந்தத் தேடலுக்கென்றே ஒரு கருவி உண்டு. வான் வருடும் கண்காணிப்பி எனலாம். சுழலும் மேடையில் மூன்று வாயுக் கேமராக்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் துளையிட்ட தகடு. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் கிராதியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தால் சூரியன் நிற்கும் திசை தெரியுமல்லவா? அதேபோல் தகட்டு நிழல் விழும் இடத்தைக் கொண்டு மூலத்தின் திசையைக் கணக்கிடுகிறார்கள். எக்ஸ் கதிரைச் சாதாரண லென்சால் குவிக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. திசை தெரிந்தபின் நுணுக்கமாக ஆராய்வது பிற கருவிகளின் வேலை. அவற்றில் செனான் வாயு நிரப்பிய பெரும்பரப்புக் கருவி, ஒவ்வொரு எக்ஸ் கதிரும் வந்து சேரும் நேரத்தை 10 மைக்ரோவிநாடி நுட்பத்தில் குறிக்கும்.

மாக்சி ஜே1820+070 என்ற மூலம் இத்தகைய ஆய்வுக்குத் தெளிவான சான்று. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ள ஜப்பானியக் கருவியான மாக்சி, 2018 மார்ச் 11 அன்று இதை எக்ஸ் கதிரில் கண்டது. ஐந்து நாள்களுக்கு முன்பே தரைத் தொலைநோக்கிகளின் கூட்டமைப்பு ஒன்று கண்ணுறு ஒளியில் இதைப் பிடித்திருந்தது. சுமார் 10,000 ஒளியாண்டு தொலைவில், சூரியனைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு நிறையுள்ள கருந்துளை இது. அஸ்ட்ரோசாட் அம்மாத இறுதியில் இதை நோக்கித் திரும்பியது. கருந்துளையின் எக்ஸ் கதிர் ஏறத்தாழ 21 விநாடிக்கு ஒருமுறை கூடிக் குறைவதை அந்தத் தரவு காட்டியது. அச்சு மாறாத கடிகாரத் துடிப்பாக இல்லாமல், சற்றே பிசகும் துடிப்பு அது. உள்தட்டின் அசைவை அறிய இத்தகைய துடிப்புகளே பிடிமானம்.

இந்த மூலம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதிக்கு நேர் உச்சியிலிருந்து சுமார் மூன்று பாகை விலகிக் கடக்கிறது. அந்தப் பங்குனி விடியற்காலைகளில் ஊரின் தலைக்கு மேலேயே அது கொழுந்துவிட்டு எரிந்தது. கண்ணுறு ஒளியிலோ தொலைநோக்கி இல்லாமல் எட்டாத மங்கல். எக்ஸ் கதிரிலோ, ஒளிர்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் நண்டு நெபுலாவை விஞ்சிய ஒளி. அஸ்ட்ரோசாட்டும் தொலைவில் இல்லை: 650 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுவதால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கொருமுறை ஊரின் தென்வானத்தைக் கடக்கும்.

2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட மற்றோர் இந்தியச் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட்டும் அதே உயரத்தில், அதே சாய்வில்தான் அனுப்பப்பட்டது. பிரகாசமான மூலங்களின் எக்ஸ் கதிர் எத்திசையில் அதிர்கிறது என்பதை அது அளக்கிறது.