காவிரி ஆற்றமைப்பின் சூழலியல் அச்சுறுத்தல்கள்

காவிரி, குடகின் பிரம்மகிரித் தொடரில் உள்ள தலைக்காவிரியில், கடல் மட்டத்திலிருந்து 1,341 மீட்டர் உயரத்தில் பிறந்து, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடிப் பூம்புகாரில் வங்கக் கடலைச் சேரும் ஆறு. கர்நாடகத்தில் ஹேமாவதி, கபினி, சிம்சா, அர்க்காவதி முதலியவையும் தமிழ்நாட்டில் பவானி, நொய்யல், அமராவதி முதலியவையும் அதனுடன் கூடுகின்றன. 81,155 ச.கி.மீ. பரப்புள்ள வடிநிலத்தில் பாதிக்குச் சற்று மேல் தமிழ்நாட்டில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கர்நாடகத்தில். கேரளத்திலும் காரைக்காலிலும் சிறு பகுதிகள். காவிரிச் சிக்கல் என்றாலே எந்த மாநிலத்துக்கு எத்தனை டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்பதுதான் பேச்சு. தண்ணீரைச் சுமந்து வரும் ஆறு எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்தப் பேச்சில் அடிபட்டுப் போய்விட்டது. சாயக்கழிவு, நகரச் சாக்கடை, மணல் எடுப்பு, அணைகளில் தங்கிவிடும் வண்டல், கழிமுகத்தில் உள்ளேறும் கடல்நீர் ஆகியவை இந்த ஆற்றமைப்பின் முதன்மையான அச்சுறுத்தல்கள்.

பங்கீட்டுக் கணக்கில் ஆற்றின் பங்கு

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதித் தீர்ப்பு, இயல்பான ஆண்டில் கிடைக்கும் நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதமுள்ள 14இல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு, 4 டி.எம்.சி. தடுக்க வழியின்றிக் கடலுக்குப் போகும் நீர். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் தமிழ்நாட்டின் நிலத்தடி நீர் இருப்பையும் காரணம் காட்டி, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக உயர்த்தித் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. அந்த 14 கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீனும் அலையாத்திக் காடும் கழிமுகமும் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவான இந்த நீரில்தான் பிழைத்துக்கொள்ள வேண்டும். இருந்தும், தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்ற புலம்பல் இரு மாநில மேடைகளிலும் ஓயவில்லை.

1930களின் தொடக்கத்தில் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகரும், 1934இல் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூர் அணையும் எழுந்தன. பிறகு பவானிசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று துணையாறுகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. மேட்டூருக்குக் கீழே ஆற்றின் பருவத்தை இப்போது தீர்மானிப்பது மதகு. வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய அணை 2023இல் அந்த நாளில் திறக்கப்பட்டு, நீரில்லாமல் அக்டோபரிலேயே மூடப்பட்டது. 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அணை மூடிக் கிடக்கும் மாதங்களில் நகரங்களை ஒட்டிய படித்துறைகளில் நிற்பது பெரும்பாலும் சாக்கடைத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும்.

மலைப்பகுதி

குடகில் காபித் தோட்டங்களின் நாட்டு நிழல் மரங்களுக்குப் பதிலாகச் சில்வர் ஓக் பரவியது. தங்கும் விடுதிகளுக்கும் சாலைகளுக்கும் சரிவுகள் வெட்டப்பட்டன. 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் அங்கு ஏராளமான இடங்களில் நிலம் சரிந்தது. நீலகிரியில் சோலைக் காடும் புல்வெளியும் இருந்த பரப்புகளைச் சீகை மரமும் தைல மரமும் பிடித்துக்கொண்டன. மழையை உள்வாங்கி மெல்ல விடுவிப்பவை அந்தப் புல்வெளிகள். பவானியின் கோடை ஓட்டம் அவற்றை நம்பியே இருந்தது.

பெங்களூரும் அர்க்காவதியும்

பெங்களூர் ஒரு காலத்தில் குடித்தது அர்க்காவதியின் நீரை. 1894இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி என்று நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. நகரமும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகியதில் அந்த ஆறு வற்ற, நகரம் காவிரிக்குத் திரும்பியது. இப்போது தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவுக்கு, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு, தண்ணீரை ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் எடுக்கும் திறன் கொண்டது. குடித்துக் குளித்த நீரில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாகச் சாக்கடையாக இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் மறுபடி காவிரியைச் சேர்கிறது. இன்னொரு பகுதி பெல்லந்தூர் ஏரிப் பக்கமாகத் தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் எழும் நுரைக்குள் காவிரித் தண்ணீரும் இருக்கிறது என்பதை இரு மாநிலக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

நொய்யல்

துணையாறு ஒன்று எப்படிச் சாகிறது என்பதற்கு நொய்யலைவிடத் தெளிவான சான்று இந்த வடிநிலத்தில் இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு அது. பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் அதன் கரைகளில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்போ அலசிய தண்ணீரோடு அப்படியே வெளியே வரும். நிறத்தைச் சாதாரணச் சுத்திகரிப்பில் நீக்கிவிடலாம், உப்பை நீக்க முடியாது. ஆகவே, பார்க்கத் தெளிவாக இருந்த நீரும் உப்பு நீராகவே ஆற்றில் விழுந்தது.

சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கென்று சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992இல் முடிக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவது காவிரிப் பாசன விவசாயிகளின் வழக்கம். இங்கே அணையில் நீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் போராடினார்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் கிணறுகள் உப்பேறின. இளநீர் கரித்தது. கோடையில் வயல் மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூத்தது. டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள திடப்பொருள்) எவ்வளவு என்ற கேள்வி, மழை எவ்வளவு என்பதைப் போல அந்தப் பக்கத்துப் பேச்சில் கலந்துவிட்டது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நடத்திய வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. பிறகு வடிகட்டும் சவ்வுகளோடும் ஆவியாக்கிகளோடும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடத் தொடங்கின. நீர் மறுபடி பட்டறைக்கே போகிறது. இந்திய ஜவுளித் தொழிலில் இது பெரிய சாதனை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆவியாக்கியில் மிஞ்சும் கலப்பு உப்புக்குப் போக்கிடம் அமையாமல், மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கி வைக்கப்பட்டது. முன்பே மண்ணில் இறங்கிய உப்பை எடுக்க எந்த ஆலையும் இல்லை.

ஈரோடு, பவானி, பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் சிக்கல் வேறு வகை. அங்கே பட்டறைகள் சிறியவை, சிதறிக் கிடப்பவை, பல உரிமம் இல்லாதவை. கழிவு இரவில் வாய்க்காலில் இறங்கும். அதிகாரிகள் வந்து பட்டறையை இடிப்பார்கள். வேறொரு சந்தில் அது மறுபடி முளைக்கும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளிங்கராயன் வாய்க்காலும் இந்தச் சாய, தோல் கழிவுகளுக்குத் தப்பவில்லை. சேலத்தின் சாக்கடையும் சேகோ ஆலைக் கழிவும் திருமணிமுத்தாறு வழியே வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவுகள் வலிநிவாரணிகள், இரத்த அழுத்த மாத்திரைகள், நுண்ணுயிர்க் கொல்லிகள் முதலியவற்றின் எச்சங்களையும் காவிரி நீரில் காட்டின. நகரங்களின் கழிவுநீர் நேராக ஆற்றில் விழுவதன் விளைவு இது.

மணல்

கரூரிலிருந்து, அதன் கிளையாறான கொள்ளிடத்தின் கடைசி வரை, ஆற்றுப் படுகையின் மணல்தான் காவிரியின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்குள் நீர் இருக்கும். கரையோரக் கிணறுகளும் ஊற்றுகளும் அதில் வாழும். திருச்சி நகரமும், வெகு தொலைவிலுள்ள இராமநாதபுரம் மாவட்டமும் குடிப்பது இந்த மணலில் இறக்கிய நீரேற்றுக் கிணறுகளின் தண்ணீரை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மணல் குவாரிகள் அரசின் பொறுப்பு. ஒரு மீட்டர் ஆழம், குறித்த எல்லை, குறித்த யூனிட் என்று விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. களத்தில், ஒரு மீட்டர் என்ற இடத்தில் பொக்லைன் கை எட்டும் வரை தோண்டிய பள்ளங்கள் கிடக்கின்றன. சில இடங்களில் மணல் தீர்ந்து அடியிலுள்ள களிமண்ணே வெளியே தெரிகிறது. அனுமதிக்கப்பட்டதைவிடப் பல மடங்கு மணல் எடுக்கப்பட்டதாக 2023இல் அமலாக்கத் துறை குற்றம்சாட்டியது. விசாரணைக்கு அழைக்கப்பட்ட ஐந்து மாவட்ட ஆட்சியர்களில் நால்வர் திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் ஆகிய காவிரி, கொள்ளிடக் கரை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நேரில் போக வேண்டும் என்று சொல்ல உச்ச நீதிமன்றமே தேவைப்பட்டது.

படுகை தாழ்ந்தால் பாசனம் தலைகீழாகும். ஆற்றில் நீர் வரும், வாய்க்கால் தலைப்போ அதற்கு மேலே நிற்கும். முன்பு சிறு ஓட்டத்திலேயே நிரம்பிய வாய்க்காலுக்கு இப்போது பெரு ஓட்டம் வேண்டியிருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததற்கு இதுவும் காரணம். 2018 ஆகஸ்ட் 22 அன்று, 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானத்தின் வயதுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. கீழே மணல் எடுத்துப் படுகை இறங்கியதை விவசாயிகள் சுட்டிக்காட்டினர். இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

கழிமுகமும் கடலோரமும்

தஞ்சைப் படுகை காவிரி கொண்டுவந்த வண்டலால் ஆனது. அந்த வண்டல் இப்போது அணைகளின் அடியில் கிடக்கிறது. மேட்டூரில் அதை அள்ளும் வேலை, அணை கட்டிய பின் முதன்முறையாக 2017இல்தான் தொடங்கியது. பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரி, கிளைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தபின் ஒரு வாய்க்கால் அளவே மிஞ்சுகிறது. வெள்ளத்தைச் சுமக்கும் கொள்ளிடமோ ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கிறது. எதிர்த்துத் தள்ள நன்னீர் இல்லாமல், மணல் எடுத்த பள்ளங்கள் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. சீர்காழி, சிதம்பரம் வட்டங்களின் கொள்ளிடக் கரை ஊர்களில் கைப்பம்புத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அதே ஊர்கள் மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டில் வெள்ளத்தில் மூழ்குகின்றன. கடல்நீர் ஏறுவதைத் தடுக்க ஆதனூர், குமாரமங்கலம் இடையே கதவணை கட்டப்பட்டது. அதற்குக் கீழுள்ள ஊர்கள் தங்களுக்கும் தடுப்பணை கேட்கின்றன.

கடலோரத்தில் 1990களில் பரவிய இறால் பண்ணைகள் உப்பைக் கரைக்கு மேலேயே கொண்டுவந்து வைத்தன. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் நாகை வட்டாரத்தில் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது.

நன்னீர் குறைந்ததை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நேரே காணலாம். உப்பைத் தாங்கும் வெண்கண்டல் ஒன்றே பெரும்பரப்பை நிறைத்திருக்கிறது. நன்னீர் வேண்டும் இனங்கள் அருகிவிட்டன. 2018 நவம்பர் கஜா புயல் அந்தக் காட்டையும் முறித்துப்போட்டது.

நரிமணம் பகுதியில் பல பத்தாண்டுகளாக எண்ணெய் எடுக்கப்படுகிறது. மன்னார்குடி மீத்தேன் திட்டமும், 2017இல் நெடுவாசலில் எதிர்க்கப்பட்ட ஹைட்ரோகார்பன் திட்டமும் படுகை மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 2020இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்கியவற்றைத் தொடவில்லை. முதலில் அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர் மாவட்டங்களும் சட்டத்தில் இடம்பெறவில்லை.

உயிரினங்கள்

காவிரிக்கு மட்டுமே உரிய திமில் மஹசீர் மீன் ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடியது; 1946இல் கபினியில் தூண்டிலில் பிடித்த ஒன்று 120 பவுண்டு எடை இருந்தது. அணைகள் அதன் இடப்பெயர்வை மறித்தன. வெடி வைத்துப் பிடிப்பது கூட்டங்களை அழித்தது. எல்லாவற்றையும்விட வினோதமானது, மஹசீரைக் காப்பதாக எண்ணி 1970களிலிருந்து வேறொரு மஹசீர் இனத்தின் குஞ்சுகளை ஆற்றில் விட்டது. வந்தேறி பெருகியது, திமில் மஹசீர் மோயாறு போன்ற சில இடங்களில் ஒடுங்கியது. அதற்கு முறையான அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. சமவெளியில் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மேக்கேதாட்டில் கர்நாடகம் கட்ட விரும்பும் 67.16 டி.எம்.சி. அணையில் மூழ்கப்போகும் சுமார் 5,000 ஹெக்டேரில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. தமிழ்நாடு தன் பக்கத்தில் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. அணையை எதிர்க்கும் தமிழ்நாட்டின் வாதம் பெரும்பாலும் நீர்ப்பங்கைப் பற்றியது. யானை வழித்தடமும் நீர்நாயும் துணைக்கு வரும் வாதங்கள்.

நிர்வாகம்

2018இல் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையம் மாதந்தோறும் மாநில எல்லையிலுள்ள பில்லிகுண்டுலுவில் எவ்வளவு நீர் வந்தது என்று பார்க்கிறது. நீர் எப்படி இருக்கிறது என்பது இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் வேலை. மணல் நீர்வளத் துறையிடம், காடு வனத்துறையிடம், சாக்கடை உள்ளாட்சிகளிடம். கர்நாடகம் கழிவுநீரை ஆற்றில் விடுவதாகத் தமிழ்நாடு 2015இல் உச்ச நீதிமன்றம் சென்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில், மிக மோசமான முதல் வகையில் காவிரிக்குக் குறித்த நீளம் மேட்டூரில் தொடங்கி மயிலாடுதுறையில் முடிகிறது. அது முழுவதும் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது.