டிவிஆர் கடவுச்சொல் மீட்பு

கண்காணிப்புக் கேமராக்களின் காட்சியைச் சேமிக்கும் டிவிஆர், என்விஆர் கருவிகளில் நிர்வாகிக் கணக்கை மீண்டும் திறக்கும் முறை. இக்கணக்கின் பெயர் பெரும்பாலும் ‘அட்மின்’. பயனர்களைச் சேர்ப்பது, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்வது, நெட்வொர்க் அமைப்பை மாற்றுவது எல்லாம் இதன் கையில். பொருத்தியவர் கடவுச்சொல்லைச் சொல்லாமல் போய்விட்டால், காசு கொடுத்து வாங்கியவரே தம் கருவிக்கு வெளியாள் ஆகிவிடுகிறார்.

முன்பு பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தது, ஹிக்விஷன் நிறுவனத்தில் 12345. அதன் விலை பெரிது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், இத்தகைய 60-க்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளைப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் தளங்கள் தடுமாறின. இப்போது முதன்முறை இயக்கும்போதே வலுவான கடவுச்சொல் அமைத்தாக வேண்டும்.

போர்டிலுள்ள வட்ட பேட்டரியைக் கழற்றும் பழைய வைத்தியம் புதிய கருவிகளில் பெரும்பாலும் பலிப்பதில்லை. கடவுச்சொல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால், கடிகாரம்தான் பின்னோக்கிப் போகும். பதிவில் தவறான தேதி விழும். வழக்குக்குச் சாட்சியாகும் காட்சியில் இது பெரும் கேடு.

இப்போதைய வழி நிறுவனத்தின் மூலம்தான். தாஹுவா நிறுவனத்தின் கருவி திரையில் க்யூஆர் கோடு காட்டும். அதை ஸ்கேன் செய்தால், பதிவுசெய்த மின்னஞ்சலுக்குக் குறியெண் வரும். ஹிக்விஷனில் எஸ்ஏடிபி (SADP) மென்பொருள் வழியே கோப்பு எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பலாம். கருவியை வாங்கியதற்கான ரசீதை அங்கே கேட்பது நியாயமே. திருட்டுக் கருவியும் அதே வழியில்தான் திறக்கும்.