ராஜா தலை

திருவள்ளூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். திருவள்ளூர் என்றதும், "திருவள்ளுவர் பிறந்த ஊரா?" என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. இல்லை, அது வீரராகவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் ஊர். 1856-ஆம் வருஷம் தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டதே, அந்தப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. ரயில் போகிற இடத்துக்குத் தபாலும் போகும். என் நண்பர் ரயில் வண்டிக்குள்ளேயே தபால்களைப் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பத்தைந்து வருஷம் ஊரார் கடிதங்களைப் பிரித்தேன். ஒன்றையாவது பிரித்ததில்லை" என்று சிலேடையாகச் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய வீட்டு மர அலமாரியில் இருப்பதெல்லாம் ராஜாக்களும் ராணிகளுமே. பழைய ஸ்டாம்புகள், பட்டாபிஷேகப் பதக்கங்கள், ராஜா படம் போட்ட பீங்கான் கோப்பைகள், தகரப் பெட்டிகள். உடனே அவரை ராஜ விசுவாசி என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் இந்தக் காலத்திலும் கதர் தவிர வேறு உடுத்தாதவர். "துரத்தியாச்சு, இனிமேல் பார்த்துக்கிட்டா என்ன தப்பு?" என்பது அவருடைய கட்சி.

முதலில் எடுத்துக் காட்டியது ஒரு வெள்ளி ரூபாய். 1911-ல் அடித்தது. ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியின் அங்கியில் ஒரு சின்ன யானை பொறித்திருக்கிறார்கள். செதுக்கியவனுக்குத் துதிக்கை குட்டையாகிவிட்டது போலிருக்கிறது, யானை பன்றியாகிவிட்டது! சக்கரவர்த்தி நெஞ்சில் பன்றியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு எழுந்தது. சர்க்கார் பயந்துபோய் ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கி, 1912-ல் யானையை ஒழுங்காக வரைந்து புது ரூபாய் போட்டார்கள். உருகாமல் தப்பிய பன்றி ரூபாய்க்குச் சேகரிப்பவர்களிடையே தனி மவுசு.

அடுத்தது ஒரு கோப்பை. எட்டாம் எட்வர்டின் பட்டாபிஷேகம், 1937 மே 12 என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படியொரு பட்டாபிஷேகம் நடக்கவே இல்லை. தாம் விரும்பிய மாதுக்காக மனிதர் 1936 டிசம்பரிலேயே முடியைத் துறந்துவிட்டார். கோப்பைகளோ சூளையிலிருந்து இறங்கிவிட்டன. குறித்த நாளை வீணாக்குவானேன் என்று அதே மே 12-ல் தம்பிக்கு முடி சூட்டினார்கள். எட்வர்டின் தலையோடு இந்தியாவில் ஒரு ஸ்டாம்பு கூட வெளிவரவில்லை.

ராஜாக்களிலேயே ஸ்டாம்புப் பைத்தியம் முற்றியவர் ஐந்தாம் ஜார்ஜ்தான். இளவரசராயிருந்த 1904-ல், 1847-ஆம் வருஷத்து மோரீஸ் தீவு ஸ்டாம்பு ஒன்றை 1,450 பவுன் கொடுத்து வாங்கினார். மறுநாள் அரண்மனை ஆசாமி ஒருவர், யாரோ ஒரு முட்டாள் ஒரு காகிதத் துண்டுக்கு இவ்வளவு பணம் கொட்டியிருக்கிறானாம் என்று அவரிடமே சொல்ல, அந்த முட்டாள் நான்தான் என்று இளவரசர் பதில் சொன்னதாகக் கதை உண்டு. இந்த ராஜாவின் வெள்ளி விழாவுக்கு 1935-ல் இந்திய சர்க்கார் ஏழு ஸ்டாம்புகள் வெளியிட்டது. அதில் ஓரணா ஸ்டாம்பில் இருப்பது நம் ராமேசுவரம் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் ராஜா தலை. ராமநாத சுவாமி ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. சிறு வயதில் ஸ்டாம்பு ஒட்டிய நோட்டு ஒன்று பெட்டியடியில் அகப்பட்டது. அதை எடுத்துப் போயிருந்தேன். நண்பர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"இதெல்லாம் உறையிலிருந்து நீங்களே கத்தரிச்சீங்களா, சார்?"

"ஆமாம்."

"உறை?"

"தூக்கிப் போட்டுவிட்டேன்."

நண்பர் கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு சரித்திரம் சொன்னார். 1854-க்கு முன்னால் கடிதம் போக வேண்டிய தூரத்துக்குத் தக்கபடி கூலி. அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து இந்தியா முழுவதற்கும் ஒரே கட்டணம். கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா. கல்கத்தாவில் கல் அச்சில் விக்டோரியா ராணியின் தலையை அச்சடித்தார்கள். நாலணா ஸ்டாம்புக்கு மட்டும் இரண்டு வர்ணம்: சிவப்புச் சட்டத்துக்குள் நீலத் தலை. இரண்டு தடவை அச்சேற்ற வேண்டியிருந்ததால் சில தாள்களில் ராணி தலைகீழாகிவிட்டாள். அந்தத் தலைகீழ் ராணிகளுக்கு இன்று கொள்ளை விலை. ஆனால் அந்த ஸ்டாம்பு எட்டு மூலை வடிவம். அந்தக் காலத்தில் ஓரத்தில் துளை கிடையாது, கத்தரிதான். பலர் அழகாக இருக்கட்டும் என்று எட்டு மூலைக்கும் ஒட்டினாற்போல் வெட்டிவிட்டார்கள். அப்படி வெட்டியதற்கு மதிப்புக் குறைவு. "வெட்டினவன் கெட்டான், சார். ராஜா தலை ஆயிரக்கணக்கில் அச்சாகுது. எந்த ஊர், எந்த நாள், யாருக்கு யார் எழுதினது, அதுதானே ஒண்ணே ஒண்ணு?"

அப்புறம் என் நோட்டைத் திருப்பினார். "இந்தப் பழசெல்லாம் எங்கிருந்து வந்தது?"

"பர்மாவிலிருந்து. பாட்டியின் தம்பி எழுதியது."

"நீங்க சொன்னாத்தான் தெரியுது. 1937 மார்ச் வரைக்கும் பர்மாவுக்கும் நம்ம இந்திய ஸ்டாம்புதான். ஏப்ரல் முதல் தேதி பர்மா தனியாப் போனதும் அதே ஸ்டாம்பு மேலே பர்மான்னு பெயரை அச்சடிச்சாங்க. 1938-ல் புது ராஜா தலையோட சொந்த ஸ்டாம்பு. அதுக்கு முந்தினது ரங்கூன்ல போட்டதா, ரேணிகுண்டாவுல போட்டதான்னு முத்திரையைப் பார்த்துத்தான் சொல்லணும். நீங்க பாதி முத்திரையைக் குப்பையில போட்டுட்டீங்க."

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. காரணம் ஸ்டாம்பின் விலை அல்ல.

1957-ஆம் வருஷம், நயா பைசா வந்த கோடை. எனக்குப் பத்து வயது. பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி வீட்டில் லீவுக்கு இருந்தேன். பாட்டியிடம் வெள்ளி விழா ராஜாவும் ராணியும் சிரிக்கும் பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. அதற்குள் பர்மாவுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போன தம்பியின் கடிதங்கள். நான் கத்தரிக்கோலும் வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீருமாக உட்கார்ந்து ஒரு பிற்பகலில் வேலையை முடித்துவிட்டேன். "கடுதாசியைக் கிழிச்சுடாதேடா" என்றாள் பாட்டி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் கிழிக்கவில்லை, கடிதங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன். உறைகள்தான் அடுப்புக்குப் போயின.

தம்பியின் கடைசிக் கடிதம் விஷு வருஷம் ஐப்பசியில் எழுதியது. அதாவது 1941. 'ஜாகை மாறியிருக்கிறேன், பழைய ரங்கூன் விலாசத்துக்கே எழுதினால் வந்து சேரும்' என்று இருந்தது. மாறிய ஊரின் பெயர் இல்லை. டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்தார்கள். வந்தவர்கள் உண்டு; வழியில் விழுந்தவர்களும் உண்டு. அவர் வரவில்லை. பிறகு 1964-ஐ ஒட்டி, பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது, நம்மவர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறி வந்தார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடியேறிய இடங்களுக்குப் பாட்டி என் தகப்பனாரை அழைத்துக்கொண்டு போனாள். "ரங்கூன்காரங்க யாரு?" என்று வீடு வீடாகக் கேட்டாள். ரங்கூன் என்று மட்டும்தான் அவளுக்குக் கேட்கத் தெரிந்தது.

நண்பர் நோட்டின் கடைசி ஸ்டாம்பைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஆறாம் ஜார்ஜின் கன்னத்தின் மேல் முத்திரையின் வால் தெரிந்தது. 'நவம்பர் 41.' அதற்கு மேலே வளைவாக மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கள்: ஈ, ஐ, என்.

"மௌல்மீன்" என்றேன்.

"பஸ்ஸீனாகவும் இருக்கலாமே. இரண்டும் இங்கிலீஷ்ல இந்த மூணு எழுத்துலதான் முடியுது."

ஒன்று கிழக்கே சால்வீன் நதி கடலில் விழும் இடம். மற்றது மேற்கே ஐராவதியின் கழிமுகப் பகுதி. மௌல்மீன் 1942 ஜனவரி 31-லேயே ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. மேற்கே இருந்தவர்களுக்கு அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரையை அடையக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. எந்த ஊர் என்பதைச் சொல்லக்கூடிய அரை அங்குலக் காகிதத்தைத்தான் நான் அடுப்பில் போட்டிருக்கிறேன்.

"நாளைக்குக் கும்மிடிப்பூண்டி போறேன், வர்றீங்களா?" என்றார் நண்பர், வேறு ஒன்றும் பேசாமல்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே ஜில்லா. ஆனாலும் ரயிலில் போக வேண்டுமானால் பேஸின் பிரிட்ஜுக்கு வந்து வேறு வண்டி ஏற வேண்டும். போனோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. பழைய இரும்பை லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள். மின்சார உலையில் உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கிறார்கள். 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிப் போனவனிடம் நாம் போட்டதெல்லாம் கடைசியில் இந்த மாதிரி ஓரிடத்துக்குத்தான் வந்து சேரும். பாட்டியின் பிஸ்கட் டப்பாவும் ஒருநாள் பேரீச்சம்பழமாகிவிட்டது. தங்கத்துக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. இங்கிலாந்து ராஜா தலை போட்ட பொற்காசின் பெயர்தானே சவரன்? ராஜா போய்விட்டார், எட்டுக் கிராம் தங்கத்தை நாம் இன்னும் அவருடைய காசின் பெயரால்தான் நிறுத்து வாங்குகிறோம். தகர ராஜாவுக்குத்தான் உலை.

பழைய இரும்பு வியாபாரி எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். "வாங்க சார், உங்க ராஜா வந்திருக்காரு!" படம் போட்ட சாமான் எது வந்தாலும் நண்பருக்காகத் தனியே எடுத்து வைப்பது அவர் வழக்கமாம். துருப்பிடித்த தகர டப்பா. மூடியில் ஐந்தாம் ஜார்ஜ், மேரி ராணி. ராணியின் கன்னத்தில் பாதி உரிந்திருந்தது. பாட்டியுடையதைப் போலவே இருந்தது. திறந்து பார்த்தேன். நாலைந்து ஆணிகள் இருந்தன. வியாபாரி தராசில் போட்டு நிறுத்துவிட்டு, "இதுக்கு என்னத்தை வாங்குறது, எடுத்துட்டுப் போங்க" என்றார். நண்பர் கேட்கவில்லை, பத்து ரூபாயைக் கையில் திணித்துவிட்டு டப்பாவை என்னிடம் கொடுத்தார்.

திரும்பும் வண்டியில் நோட்டை அதற்குள் வைக்கப் பார்த்தேன். கொஞ்சம் நீளம் அதிகம், மூடி சேரவில்லை. பொன்னேரி தாண்டியது, மீஞ்சூர் தாண்டியது. எண்ணூர் வருகிறது என்றதும் நண்பர் எழுந்து, ஜன்னலோரத்து இடத்தை எனக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.