சுவருக்குள் போன அடுப்பு

அரியலூரைப் பற்றி வரலாறு பேச வருகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்கி ராஜேந்திரனில் முடித்துவிடுவார்கள். அந்தப் படை தின்ற சோறு எந்த அடுப்பில் வெந்தது, யார் ஊதினார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். ‘அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு’ என்று பழமொழி வைத்திருக்கிற சமூகம், அடுப்புக்கு வரலாறு எதற்கு என்றும் கேட்கத்தானே செய்யும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் நான் பார்த்து வளர்ந்தது கொடியடுப்பு. தலையடுப்பில் எரிகிற தீயின் மிச்சச் சூடு மண்ணுக்குள் விட்ட வழியாகப் பக்கத்துக் கண்ணுக்குப் போகும். இங்கே சோறு கொதித்தால் அங்கே குழம்பு சுண்டும். தரையோடும் சுவர் மூலையோடும் சேர்த்துக் கட்டியது, தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்று ‘பில்ட்-இன்’ என்று விற்கிறார்களே, அதற்கு நம்மிடம் இருந்த பழைய வடிவம் இதுதான். ஆனால் இதைக் கட்டியவள் அதில் சமைத்தவளே. களிமண்ணைக் குழைத்து, தன் சட்டியின் வாயளவுக்குச் சாண் போட்டுக் கட்டினாள். விரிசல் விட்டால் அவளே பூசினாள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்திமாறு, மக்காச்சோளக் கட்டை. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விறகு. எது எத்தனை நேரம் நின்னு எரியும்னு கையில் தூக்கிப் பார்த்தே எங்க அப்பாயி சொல்லும். இது ஒரு தொழில்நுட்ப அறிவு. அதை ‘கைப்பக்குவம்’ என்று சொல்லி நாம் சின்னதாக்கிவிட்டோம்.

இதை வைத்து மண்ணடுப்பு ருசிக்குப் பாட்டுப் பாட நான் தயாராக இல்லை. பாடுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஊதியவர்கள் இல்லை. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்பாயியின் அறிவும் அப்பாயியின் இருமலும் ஒரே அடுப்பிலிருந்துதான் வந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது மோசடி. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அடுப்பங்கரை என்று தனி அறை எல்லாருக்கும் இருந்ததில்லை. சேரியிலும் கூலிக்காரர் குடிசையிலும் அடுப்பு வாசலில் கிடந்தது, மழை வந்தால் அணைந்தது. சுவரோடு கட்ட முதலில் சுவர் வேணுமே.

புகையை வெளியேற்றும் முயற்சிகள் இங்கேதான் இடறின. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு உருவாக்கிய புகையில்லா அடுப்பு 1950களில் பேசப்பட்டது. மண்ணால் கட்டி, புகைபோக்கியைச் சுவரோடு ஏற்றுகிற அமைப்பு. 1983-84இல் மத்திய அரசு நாடு முழுக்க மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளைக் கணக்குக் காட்டி, 2002இல் கைகழுவியது. பின்னாளில் ஒடிசாவில் இதே மாதிரியான அடுப்புகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த டஃப்லோ குழுவினர், முதல் ஆண்டில் குறைந்த புகை பிறகு பழைய நிலைக்கே திரும்பியதைக் கண்டார்கள். குழாயைத் துடைப்பதும் உடைந்ததைச் சரிசெய்வதும் நடக்கவில்லை. ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று இதற்கு விளக்கம் சொல்வது சுலபம். பழைய அடுப்பைப் பூசிப் பூசிப் பாதுகாத்த அதே கை, புதிய அடுப்பின்மேல் ஏன் படவில்லை? அதில் அவள் பயனாளி மட்டும்தான், கொத்தனார் இல்லை என்பதே என் பதில். கூரை வீட்டுக்காரியிடம் சூடான குழாயைக் கீற்றுக்குள் விடச் சொன்னால் அவள் பயப்படுவதும் அறிவுதான்.

பிறகு எரிவாயு வந்தது. 2006 தேர்தலில் இலவச எரிவாயு அடுப்பு வாக்குறுதியாகி, வீடுகளுக்குள் நுழைந்தது. கூடவே சிமெண்ட் மேடை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் வேகவைக்கிற ஆலைச் சூளைகள்தான் நம் மாவட்டத்தின் ஆகப்பெரிய அடுப்புகள். அங்கே வெந்த சிமெண்டில் மேடை எழும்பியது, குந்தியிருந்தவள் நின்றாள், புகை போனது. இது விடுதலையின் ஒரு பகுதி, மறுக்கக் கூடாது. ஆனால் சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் கொல்லையில் விறகடுப்பு மறுபடி எரிகிறது.

இப்போது மாடுலர் கிச்சனும் சுவருக்குள் பொருத்துகிற அவனும் வந்திருக்கின்றன. இட்லிக்கும் குழம்புக்கும் இது தேவையில்லை. ஈழத் தமிழில் ரொட்டி சுடுவதற்குப் போர்த்துகீசிய வழிவந்த ‘போறணை’ உண்டு. நம் பக்கத்து வீட்டுச் சமையலில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. அவனின் வம்சம் வேறு. 1926இல் மார்கரெத்தே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்ஃபர்ட் குடியிருப்புகளுக்கு வரைந்த சமையலறை, பெண்ணின் நடையை மிச்சப்படுத்தியது; இன்னொருவர் உள்ளே வந்து கைகொடுக்க முடியாத அளவுக்குக் குறுகியும் இருந்தது. 1950களின் அமெரிக்க வீடுகளில் அவன் இடுப்புயரத்துக்கு ஏறிச் சுவருக்குள் போனது. குனிய வேண்டாம், அது நல்லதே. ஆனால் அந்தப் பழைய அவன்கள் பழுதானால் அவற்றின் குழிக்குப் பொருந்தும் புதியது கிடைப்பது சிரமம், அலமாரியையே அறுக்க வேண்டியிருக்கும். இன்றையது பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அளவு. வெப்பத்தைக் கருவியே அளக்கும், கதவுக்கு வெளியே சூடு அதிகம் தெரியாது. பழுதானால் கம்பெனி ஆள் வரணும்.

ஆக, கொடியடுப்பில் அளவு அவளுடையது, நோயும் அவளுடையது. சுவர் அவனில் நோய் இல்லை, அளவும் அவளுடையதில்லை. இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு: முன்னால் நிற்பது அவளே. அடுப்பைத்தான் சுவரில் பதிக்கிறோம் என்று நினைக்கிறோம். கூடவே ஒரு ஆளையும் பதித்துவிடுகிறோம்.

எந்த அடுப்பையும் மதிப்பிட எனக்கு மூன்று கேள்விகள் போதும். யார் நுரையீரலில் எரிகிறது? யார் கையால் பழுது பார்க்கப்படுகிறது? யாரெல்லாம் அதன் முன் நிற்கிறார்கள்? முதல் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் வைத்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது, கூட்டம் முடிந்து வீடு திரும்பித் தட்டின் முன் உட்காரும் தோழர்கள்.