மன்னார் வளைகுடாவில் பெயர் பெற்ற ஒரு கடற்பஞ்சு

எட்கர் தர்ஸ்டன் என்றதும் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு வெகு முன்பே, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த அவர், ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கடலுயிர்களைச் சேகரித்து வந்தார். மன்னார் வளைகுடாவில் அவருக்குக் கிடைத்த கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1889-இல் வெளியிட்டார். அவற்றுள் புதிய இனம் ஒன்றுக்கு, இத்துறையில் தமக்கு மூத்தவரான ஹென்றி ஜான் கார்ட்டரின் பெயரை வைத்தார். இன்று அது ஸ்டைலிஸ்ஸா கார்ட்டெரி. உயிரோடு பார்த்தால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அது பட்டியலில் ஒரு பெயராகவே கிடந்தது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், ஒட்டி வாழும் பஞ்சால் ஓடித் தப்ப முடியாது. உடலில் ஊறும் வேதிப்பொருள்களே அதற்குக் காவல். அவற்றைத் தேடிய வேதியியலாளர்கள் இந்த இனத்திலும் இதன் உறவினங்களிலும் ஹைமீனியால்டிசின், டிப்ரோமோஹைமீனியால்டிசின் என்ற சேர்மங்களைக் கண்டார்கள்.

இரண்டாவதின் வேலை வியப்பானது. டிஎன்ஏ பழுதானால் செல் பிரியாமல் நின்று, முதலில் அதைச் சரிசெய்யும். அந்தச் சோதனைச்சாவடியின் காவலர்கள் சிஎச்கே1, சிஎச்கே2 என்னும் நொதிகள். இச்சேர்மம் அவ்விரண்டையும் முடக்குவது 2001-இல் தெரியவந்தது. காவல் முடங்கினால், கதிர்வீச்சில் அடிபட்ட புற்றுச்செல் பழுதோடே பிரியப் போய் மடியும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் இக்குடும்பச் சேர்மங்கள் ஒரு நொதியோடு நிற்பதில்லை, வேறு பலவற்றையும் தடுக்கின்றன. மருந்துக்கடைக்கு இது இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்ததும் ஒன்று உண்டு. ஜப்பானில் 600 கிலோ ஹாலிகாண்ட்ரியா பஞ்சைப் பிழிந்து எடுத்த ஹாலிகாண்ட்ரின்-பி வெறும் 12.5 மில்லிகிராம். 1992-இல் யோஷிதோ கிஷி அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினார். அந்த வழியில் பிறந்த எரிபுலின், பரவிவிட்ட மார்பகப் புற்றுக்கு 2010-இலிருந்து மருந்து. அதைத் தயாரிக்கக் கடலைச் சுரண்ட வேண்டியதில்லை.

இந்தக் கடைசிச் செய்தி நம் கரைக்கு மிகவும் வேண்டியது. மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி பி. ஏ. தாமஸ் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டிலும் சேர்த்து 275 கடற்பஞ்சு இனங்களைப் பதிவு செய்திருக்கிறார். முதற்கட்டச் சோதனைக்குக் கொஞ்சம் பஞ்சு போதும். ஆனால் எடுக்கப் போகும்போது அது பாரில் இருக்க வேண்டுமே! அடித்தரையை வாரிச் செல்லும் இழுவைமடி, பெயர் வைத்ததையும் வைக்காததையும் ஒன்றாகவே பெயர்த்துவிடுகிறது.